ஆட்டத்தைக் காத்த மந்திரம்

இக்காலத்து வீடியோ விளையாட்டுகளை ஆடுவோர் சில வசதிகளைத் தம் உரிமை எனவே கருதுகின்றனர். விரும்பியபோது ஆட்டத்தை நிறுத்துதல், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்தல், ஆடுவோர் மறந்தாலும் கருவி தானே நிலைமையைப் பதிந்துகொள்ளுதல் ஆகியன அவற்றுள் தலையாயவை. இவ்வசதிகள் ஆடுவோரின் பொறுமையைக் கெடுத்துவிட்டன என்று குறை கூறுவாரும் உளர். அக்கூற்று பொருந்துமா என்பதை அறிய, சேமிப்பு என்னும் ஒரு வசதி ஜப்பானில் வளர்ந்த வரலாற்றை நோக்குதல் நலம்.

தொடக்கத்தில் இவ்வசதிக்குத் தேவை மிகுதியாக எழவில்லை. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பொது இடங்களில் காசு போட்டு ஆடப்பெற்றது. ஆட்டம் சிறிது நேரத்தில் முடியும்; மறுபடி ஆட வேண்டின் மறுபடி காசு போட வேண்டும். 1983இல் நிண்டெண்டோ நிறுவனம் 'பேமிலி கம்ப்யூட்டர்' என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டுத் தொலைக்காட்சியோடு அதனை இணைத்து ஆடலாம். காசுக் கணக்கு நீங்கவே, நெடுநாள் ஆடத்தக்க கதைகளுக்கு வழி பிறந்தது.

ஆயின் கருவியோ அதற்கு ஏற்றதாய் இல்லை. அதன் உள் நினைவகம் 2 கிலோபைட் அளவினதே. மின்சாரம் நின்றவுடன் அதில் இருந்தவை அழிந்துபோகும். ஆட்டம் அடங்கிய கேட்ரிட்ஜ், படிப்பதற்கு உரிய ஏடே அன்றி எழுதுவதற்கு உரியதன்று. 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த 'விசார்ட்ரி' போன்ற கணினி ஆட்டங்கள் நெகிழ்வட்டில் நிலைமையைப் பதிந்துகொண்டன. நிண்டெண்டோவும் 1986இல் வட்டுக் கருவி ஒன்றை வெளியிட்டது. எனினும் அதனைத் தனியே வாங்க வேண்டியிருந்தது.

இந்நிலையில் 1986 மே மாதத்தில் எனிக்ஸ் நிறுவனம் 'டிராகன் குவெஸ்ட்' என்னும் ஆட்டத்தைக் கேட்ரிட்ஜ் வடிவிலேயே வெளியிட்டது. அதனை வகுத்தவர் யூஜி ஹோரி. வீரன் ஒருவன் ஊர் ஊராய்த் திரிந்து, வலிமை பெருக்கி, இறுதியில் பகைவனை வெல்லும் நெடுங்கதை அது. ஒரே அமர்வில் அதனை முடித்தல் அரிது. ஆகவே, கருவி நினைவில் வைக்க இயலாததை ஆடுவோரே எழுதி வைத்துக்கொள்ளுமாறு ஒரு வழி வகுக்கப்பட்டது. வீரன் அரசனிடம் சென்றால், அவன் ஒரு மந்திரத்தை உரைப்பான். 'மீண்டெழும் மந்திரம்' எனப் பொருள்படும் பெயர் அதற்கு. அடுத்த நாள் அதனைப் பிழையின்றி உள்ளிட்டால் வீரன் பழைய வலிமையோடு மீள்வான்.

அம்மந்திரம் 20 ஹிரகனா எழுத்துகளால் ஆயது. 64 எழுத்துகளுள் ஒன்று ஒவ்வோரிடத்திலும் வரும். ஆதலின் ஓர் எழுத்து 6 பிட் செய்தியையும், 20 எழுத்துகள் 120 பிட் செய்தியையும் தாங்கின. வீரனின் பெயரும் அனுபவமும் பொன்னும் படைக்கலமும் இச்சிறு அளவினுள் அடங்கின. எழுத்துகள் 5, 7, 5, 3 என வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. முதல் மூன்றும் ஹைக்கூவின் அளவே என்பது கருதத்தக்கது. பொருளற்ற எழுத்துக் கோவையேனும், பழகிய ஓசையில் அமைந்ததனால் வாய்விட்டுப் படித்து எழுத ஏற்றதாயிற்று.

இடர் இங்கேதான் பிறந்தது. ஹிரகனாவில் வடிவொத்த எழுத்துகள் பல. 'ப' ஒலிக்கும் 'ப3' ஒலிக்கும் உரிய எழுத்துகளை வேறுபடுத்துவன ஒரு சிறு வட்டமும் இரு சிறு கோடுகளுமே. தமிழில் ரகரமும் காலும் மயங்குவது போல, மங்கலான தொலைக்காட்சித் திரையில் அவை மயங்கின. ஓர் எழுத்துப் பிழைப்பின் மந்திரம் பலிக்காது. பல நாள் உழைப்பு வீணாகும். 1987இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் வீரர் மூவர் ஆயினர். மந்திரமும் 52 எழுத்து வரை நீண்டது. பள்ளிப் பாடத்தில் காட்டாத கவனத்தைச் சிறுவர் இதில் காட்ட வேண்டியதாயிற்று.

1988இல் வெளிவந்த மூன்றாம் ஆட்டம் மந்திரத்தைக் கைவிட்டது. கேட்ரிட்ஜினுள் சிறு மின்கலம் ஒன்று பொருத்தப்பட்டு, அதன் வலிமையால் பதிவு காக்கப்பட்டது. இம்முறையை அமெரிக்காவில் 1987இல் வெளியான 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' முன்பே கையாண்டிருந்தது. இதிலும் குறை இல்லாமல் இல்லை. மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தியவாறே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தவறினால் பதிவு அழியக்கூடும். மின்கலம் தீர்ந்தாலும் அதுவே கதி. 1994இல் வந்த 'பிளேஸ்டேஷன்' கருவி, மின்கலம் வேண்டாத நினைவக அட்டையைத் துணைக்கொண்டது. பின்னர்த் தானே பதியும் முறை பரவியது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. ஆட்டத்தின் அருமை வேறு. கருவியின் குறை வேறு. 1996இல் வந்த 'ரெசிடெண்ட் ஈவில்' ஆட்டத்தில், தட்டச்சு மை நாடா கையில் இருந்தால்தான் நிலைமையைப் பதிய இயலும். அச்சத்தை மிகுவிக்க வேண்டியே அத்தடை அமைந்தது. அஃது ஆட்டத்தின் பகுதி. மங்கிய திரையில் எழுத்து மயங்கித் தோற்பதோ எவ்வகை வீரமும் அன்று. முன்னதைக் காத்துப் பின்னதை நீக்குவதே நல்ல வசதி. அது சோம்பலுக்கு இடங்கொடுத்தல் ஆகாது. ஆடுவோரின் காலத்தை மதித்தலே ஆகும்.

ஆயினும் மந்திரத்தை முற்றும் இகழ்தல் தகாது. அக்காலத்து மின்கலங்களுள் தீர்ந்துபோனவை தம்மோடு பதிவுகளையும் கொண்டு சென்றன. 1986இல் ஒரு சிறுவன் குறிப்பேட்டில் பிழையின்றி எழுதி வைத்த 20 எழுத்துகளோ, அதே ஆட்டத்தில் இன்று உள்ளிட்டாலும் அவ்வீரனை எழுப்பும்.