திறப்பு யாரிடம்? தீவகத்து வீடுகளின் வரலாறு

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறைக்குச் செல்பவர்கள், பாதையின் இருமருங்கிலும் இருவகை வீடுகளைக் காண்பர். ஒன்று, கூரை சரிந்து, சுவரைப் பிளந்து ஆலங்கன்று முளைத்த வீடு. மற்றையது, புதுச்சாயம் பூசி, உயர்ந்த மதிலும் இரும்புப் படலையும் அமைத்த வீடு. தோற்றத்தில் முரண்படும் இவ்விரண்டுக்கும் பொதுத்தன்மை ஒன்றுண்டு: இரண்டிலும் உடைமையாளர் இல்லை. அவர் ரொறன்ரோவிலோ பாரிசிலோ சூரிச்சிலோ இலண்டனிலோ வாழ்கிறார். கோயில் திருவிழாவுக்கு இரண்டு வாரம் வந்து போகிறார். அல்லது வருவதே இல்லை. உறுதி அவரிடம் இருக்கிறது. திறப்பு ஊரில் இருக்கிறது. அத்திறப்பு பெரும்பாலும் சொந்தக் காணியற்ற ஓர் ஏழைக் குடும்பத்தின் சுவராணியிலே தொங்குகிறது.

உறுதியை வைத்திருப்பவருக்கும் திறப்பை வைத்திருப்பவருக்கும் இடையிலுள்ள உறவு எத்தகையது? தீவகத்தின் சமூக வரலாற்றில் இதுவரை போதிய கவனம் பெறாத வினா இது. இவ்வுறவு நேற்றைய போரினால் மட்டும் உண்டானதன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

1619இல் போர்த்துக்கேயரும் 1658இல் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் தம் தாயகத்து நகரங்களின் பெயர்களை நம் தீவுகளுக்குச் சூட்டினர். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய பெருந்தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவின் மீது ஒட்டிய டெல்ஃப்ட் என்ற பெயர் இன்றும் வரைபடங்களில் நிற்கிறது. பெயரைவிட ஆழமாகப் பதிந்தது தோம்பு. எவருக்கு எவ்வளவு நிலம், எவர் என்ன வரியும் ஊழியமும் கடன்பட்டவர் என்பதைத் தோம்பு எழுதி வைத்தது. 1706இல் திசாவையாக இருந்த கிளாஸ் ஈசாக்சு தேசவழமையைத் தொகுத்தார். 1806இல் ஆங்கிலேயர் அதனை ஒழுங்குவிதியாக உறுதிப்படுத்தினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற வகுப்பு அவ்வாறு எழுத்திலே நிலைபெற்றது. இவ்வேடுகள் உடைமை எவருடையது, அது எவர் வழியாக எவருக்குச் செல்லும் என்பதை விரிவாகக் கூறின. அந்நிலத்திலே உழைப்பவர், அவ்வீட்டைக் காப்பவர் எவர் என்பதற்கு உரிமையின் வரிசையில் அவை இடம் தரவில்லை.

தீவக மண் தன் மக்கள் அனைவருக்கும் சோறு போட்டதில்லை. சுண்ணக்கல் நிலம், ஆறில்லை, மாரி மழையை நம்பிய ஒருபோக நெல், பனை, கடல். ஆகவே வெளியே சென்று தேடி, ஊரிலே வீடு கட்டுவது தீவகத்தவரின் வாழ்க்கை முறையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாயினர். அவர்களின் மணியோடரில் நாற்சார் வீடுகள் எழுந்தன. 'மலாயாப் பென்சன்காரர்' என்பது ஒரு சமூகத் தகுதியின் பெயராயிற்று. 1942இல் யப்பானியப் படைகள் மலாயாவைக் கைப்பற்றியபோது மணியோடர் நின்றது. வெளியூர் வருமானத்தில் எழுந்த வீட்டின் அத்திவாரம் கடலுக்கு அப்பால் இருக்கிறது என்பதை அக்காலத்தவர் அப்போது உணர்ந்தனர்.

இரண்டாவது வழி வணிகம். புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர், வேலணை முதலிய ஊர்களிலிருந்து சென்றவர்கள் கொழும்பிலும் தென்னிலங்கைச் சிறு நகரங்களிலும் கடை வைத்தனர். முதலாளி ஊரவர், சிப்பந்தியும் ஊரவன். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய சிறுவன் கடையிலே உண்டு, சாக்கு மூட்டைகளுக்கிடையில் உறங்கி, ஆண்டுக்கொருமுறை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ஊர் வருவான். முதலாளியின் பெருவீடு அத்திருவிழாவுக்காகவே கூட்டி மெழுகித் திறக்கப்படும். ஊர்ப்பற்றைப் புகழ்ந்து பேசும் நாம், அவ்வீட்டின் சுவரிலே சிப்பந்தியின் இளமையும் குழைத்துப் பூசப்பட்டிருப்பதை மறக்கலாகாது. 1958இலும் 1977இலும் 1983இலும் இனவெறிக் கும்பல்கள் அக்கடைகளை எரித்தன. முதலாளியும் சிப்பந்தியும் ஒரே அகதிக் கப்பலில் ஊர் திரும்பினர். இழப்பு இருவருக்கும் பொது. எனினும் ஒருவருக்குத் திரும்பி வர ஒரு வீடு இருந்தது.

வீடு பூட்டியிருந்தால் அப்படியே இருக்கும் என்பது தொலைவில் வாழ்பவரின் மயக்கம். தீவகத்திலே வீட்டுக்குப் பகை பல. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். பிணைச்சல் துருப்பிடித்துக் கதவு விழும். கறையான் நிலையையும் வளையையும் அரிக்கும். ஓரிடத்தில் ஓடு விலகினாலும் ஐப்பசி கார்த்திகை மழை சலாகையை உளுக்கச் செய்து, இரண்டொரு மாரியில் கூரையை இறக்கிவிடும். இறைக்காத கிணறு தூர்ந்து கெடும். வளவிலே விழுந்த பனங்கொட்டை ஒவ்வொன்றும் வடலியாகும். இவற்றோடு வேலிப் பகையும் உண்டு. ஆண்டுக்கு ஒரு கதியாலாக வேலி அரக்கும் கலை நம்மவர்க்குப் புதிதன்று. நெடுந்தீவிலே பவளப்பாறைக் கற்களை அடுக்கி எழுப்பிய மதில்களே எல்லையாக இருப்பதால் அங்கு இக்கலைக்கு வாய்ப்புக் குறைவு.

ஆகவே ஆவணிக்கு முன் ஓடு மாற்றவும், புற்றை இடிக்கவும், கிணறு இறைக்கவும், சோலைவரி கட்டிப் பற்றுச்சீட்டைப் பேணவும், மின்கட்டணம் செலுத்தவும், மாலையில் ஒரு விளக்கு ஏற்றவும் ஒரு மனிதர் வேண்டும். இவ்வுழைப்புக்குக் கூலி என்ன? பல இடங்களில், 'இருக்க இடம் கொடுத்திருக்கிறோமே' என்பதே கூலி. அதுவும் வாய்ச்சொல்லே, எழுத்தில் ஒன்றும் இல்லை.

போர் இந்த ஏற்பாட்டை முற்றாக மாற்றியது. 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த 'குமுதினி' படகிலே பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990இலும் 1991இலும் நடந்த படை நடவடிக்கைகள் தீவக ஊர்களை வெறுமையாக்கின. ஓடியவர்களில் வசதி பெற்றோர் கடல் கடந்தனர்; வசதியற்றோர் குடாநாட்டிலும் வன்னியிலும் அலைந்தனர். திரும்ப முடிந்தபோது முதலில் திரும்பியவர்கள் பெரும்பாலும் வேறு போக்கிடமற்றவர்களே. அவர்கள் தம் குடிசை இருந்த இடத்தைக் காணாது, நின்றிருந்த வீடுகளிலே ஒதுங்கினர். சிலர் உடைமையாளரின் சம்மதத்தோடும் சிலர் சம்மதமின்றியும் குடியேறினர். அவர்கள் குடியிருந்ததனாலேயே அவ்வீடுகளிற் பல இன்றும் நிற்கின்றன என்பதும் உண்மை.

கடல் கடந்தவருக்கு நேர்ந்த மாற்றமும் எளியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கியதை நாம் அறிவோம். அதே சட்டத்தின்படி வேற்றுநாட்டுக் குடியுரிமை பெறுபவர் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். 1987இல் வந்த திருத்தம் இரட்டைக் குடியுரிமைக்கு வழி திறந்தது. ஆனால் அதற்கு விண்ணப்பமும் கட்டணமும் வேண்டும். பெறாதவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. தாம் பிறந்த வீடு அவருக்கு வேற்றுநாட்டிலுள்ள இரண்டாம் வீடாகிவிட்டது! 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுத்தது. இரட்டைக் குடியுரிமையாளருக்கும், உரிமைவழி முதுசமாகப் பெறும் நெருங்கிய உறவினருக்கும் அது விலக்களித்தது. தந்தையின் வீட்டை முதுசமாகப் பெறலாம். பக்கத்து வளவை விலைக்கு வாங்க முடியாது என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

அடுத்த சிக்கல் காகிதம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணிக் கைமாற்றம் பிரசித்த நொத்தாரிசின் முன் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வர இயலாதவர் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புகிறார். அத்தத்துவம் எழுதியவர் இறந்ததும் அதுவும் இறந்துவிடும் என்பதைப் பலர் அறியார். பாட்டனின் வளவு பிரிபடாப் பங்குகளாகப் பேரப்பிள்ளைகளுக்கு வருகிறது. எட்டுப் பங்காளிகள் ஐந்து நாடுகளில் இருக்கிறார்கள். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்வாங்கல் உரிமைச் சட்டப்படி, ஒரு பங்கை வெளியாருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாகவுரிமைச் சட்டம், மணமான பெண் தன் சீதன வீட்டைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. போரிலே காணாமற் போன கணவனிடம் கையொப்பம் பெறுவது எவ்வாறு? 'பெண்ணுக்குச் சொத்துரிமை தந்த வழமை' என்று தேசவழமையைப் போற்றுவோர் இவ்வினாவுக்கு விடை கூற வேண்டும்.

இனித் திறப்பு வைத்திருப்பவரின் நிலையைப் பார்ப்போம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைச் சட்டம், பத்தாண்டு இடையறாது, உரியவரின் உரிமையை ஏற்காது ஆண்டவருக்கு ஆட்சியுரிமை தருகிறது. தொலைவிலுள்ள உடைமையாளரின் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது இச்சட்டமே. ஆனால் அவர் அஞ்சுமளவுக்கு அது குடியிருப்பவருக்குத் துணை நிற்பதில்லை. அனுமதியோடு புகுந்தவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அனுமதியாளரே. பங்காளி ஒருவரின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியே என 1911இல் கொறயா எதிர் அப்புகாமி வழக்கில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் நீதிமன்றம் செல்ல இயலாதவர்களுக்கு அக்காலம் எதிராகக் கணிக்கப்படாதிருக்க வழி செய்தது. அது நியாயமான சட்டமே. துப்பாக்கி முனையில் ஓடியவரின் வீடு, ஓடிய குற்றத்துக்காகப் பறிபோகக் கூடாது. ஆயினும் அதே கால் நூற்றாண்டில் அவ்வீட்டின் கூரையைக் காத்தவரின் உழைப்பைக் கணக்கிட ஒரு வாசகமும் எழுதப்படவில்லை. இல்லாதவரைக் காத்த சட்டம், இருந்தவரை மறந்தது.

இதனை நாளாந்தம் உணர்த்துவது தண்ணீர். தீவகத்திலே நன்னீர் சில இடங்களிலேயே ஊறும். வேலணைச் சாட்டி அதற்குப் பெயர் பெற்றது. பிற ஊர்களில் கிணற்று நீர் பெரும்பாலும் உவர். நல்ல கிணறுகள் பல உயர்சாதியினரின் வளவுகளுக்குள் இருந்தன. ஒடுக்கப்பட்ட மக்கள் கயிற்றைத் தொட முடியாது, எவரேனும் அள்ளி ஊற்றும் வரை காத்து நின்றனர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களைப் பற்றிப் பேசியது; தனியார் வளவின் கிணறு அதற்கு எட்டவில்லை. அன்று சாதி அடைத்த படலையை இன்று பூட்டு அடைக்கிறது. உள்ளே நன்னீர் பாசி பிடிக்க, வெளியே ஒரு தாய் தண்ணீர் வண்டிக்காகக் குடங்களை வரிசையாக வைக்கிறாள்.

'எங்கள் கண்ணீரை நீங்கள் அறியமாட்டீர்கள். அது எங்கள் தாய் விளக்கேற்றிய வீடு' என்று புலம்பெயர்ந்தோர் கூறலாம். அதை நாம் மறுக்கவில்லை. பனியிலே இரண்டு வேலை செய்து, ஊர் வீட்டுக்கு ஓடு வாங்கப் பணம் அனுப்பியவரும் தொழிலாளியே. அவரைப் பகைவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. நாம் கேட்பது சிறிதே. காவலிருப்பவரோடு எழுத்திலே உடன்பாடு செய்யுங்கள். அதில் அவருடைய கூலியும், வெளியேறும்படி கூறுமுன் தரவேண்டிய காலமும் இடம்பெறட்டும். எழுத்து இருந்தால், இது அனுமதிக் குடியிருப்பே என்று உடைமையாளரின் அச்சமும் தீரும். பயன்படாக் காணியைக் குத்தகைக்கு விடுங்கள். பிரிபடாப் பங்குகளைப் பிள்ளைகள் காலத்துக்குத் தள்ளாது இப்போதே பிரித்தெழுதுங்கள். கிணற்றுப் படலையைத் திறந்து விடுங்கள். தண்ணீர் அள்ளுவதனால் உறுதி அழிந்துவிடாது.

தோம்பு எழுதிய ஒல்லாந்தர் போயினர். மலாயாப் பென்சன்காரரும் கொழும்பு முதலாளியும் மறைந்தனர். அவர்கள் கட்டிய வீடுகளில் இன்றும் நிற்பவை யாவும் ஒருவர் கூட்டிப் பெருக்கிய வீடுகள். உறுதி பேழையில் உறங்கும்; ஒவ்வொரு மாரிக்கும் முன் ஏணி வைத்துக் கூரையேறியவர் திறப்பை வைத்திருப்பவரே. அவருடைய பெயரும் ஓர் ஏட்டில் எழுதப்படும்போதுதான் தீவகத்து வீட்டின் வரலாறு முழுமை பெறும்.