தலைமன்னார் இறங்குதுறை

மன்னார்த் தீவின் வடமேற்கு முனையில், வடக்கே பாக்குக் குடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் நெருங்கிவரும் இடத்தில் அமைந்த துறை. ஊரார் வாயில் இது ‘பியர்’. இன்று இதை அண்டிய கரை முழுவதும் மீன்பிடி வள்ளங்கள். ஆனால் துறை மீனுக்காகக் கட்டப்பட்டதல்ல. மதவாச்சியிலிருந்து வந்த புகையிரதப் பாதையைக் கப்பலோடு இணைக்க 1914இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பாம்பன் பாலமும் திறந்தது. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே பயணச்சீட்டில் போகலாம் என்றாயிற்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடலை மட்டும் நீராவிக் கப்பல் கடந்தது. பிற்காலத்தில் ஓடிய இர்வின், கோஷென் என்ற கப்பல்களின் பெயர் முதியோர் பலருக்குத் தெரியும்.

‘போட் மெயில்’ என்று அழைக்கப்பட்ட இந்தப் புகையிரத–கப்பல் பயணத்தின் சுகத்தைப் பலர் எழுதிவிட்டார்கள். இத்துறையின் கதையைத் தோட்டத் தொழிலாளரிடமிருந்து தொடங்குவதே நியாயம். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். தாகமும் வாந்திபேதியும் வழிநெடுக ஆட்களைக் கொன்றன. துறை வந்த பிறகு, மண்டபம் முகாமில் நோய்ச் சோதனை முடித்து வந்தவர்களை மலைநாட்டுக்குப் புகையிரதம் ஏற்றிச் சென்றது.

அதே தண்டவாளம் அவர்களைத் திருப்பியும் கொண்டுவந்தது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணை விட்டுப் போனவர்களைத் துறைக்குக் கொண்டுவந்த வண்டியை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். பெட்டியின் உள்ளேயும் மேடையிலும் எழுந்த அழுகைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

யுத்தத்தில் கப்பல் சேவை நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. அதன்பின் இந்தியாவுக்கு உயிர்தப்பிப் போனவர்களை ஏற்றியவை இக்கரையோரத்து மீனவர்களின் வள்ளங்கள்தான். புனரமைக்கப்பட்ட பாதையில் 2015 மார்ச் 14இல் மீண்டும் புகையிரதம் வந்தது. கப்பல் வரவில்லை.

இரு கடலுக்கு நடுவில் இருப்பது மீனவருக்கு வாய்ப்பு. வாடை வீசும்போது வடகடல் குமுறினால் தெற்கே தொழில் பார்க்கலாம். சோளகத்தில் வடக்கே திரும்பலாம். 1974, 1976 ஒப்பந்தங்கள் இந்தக் கடல்களில் நாட்டெல்லையை வரைந்தன. இருந்தும் தமிழகத்து இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வந்து, சிறுவள்ளக்காரர் விரித்த வலைகளை அறுத்துச் செல்கின்றன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. அந்தச் சட்டம் கடலில் நடைமுறையாக வேண்டும் என்பதே வடபகுதி மீனவர் சங்கங்கள் விடாமல் எழுப்பும் கோரிக்கை.