கேட்க மட்டும் தெரிந்த கார்கள்

வோக்கி டோக்கியின் கரகரப்பை எங்களில் கனபேர் முதன்முதலில் கேட்டது படத்தில் இல்லை, வீதிச் சோதனையில். அடையாள அட்டையை வாங்கியவர் அதிலுள்ள இலக்கத்தை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வாசிப்பார். எங்கேயோ இருந்து ஒரு குரல் பதில் சொல்லும். கதை எங்களைப் பற்றித்தான், ஆனால் எங்களோடு இல்லை. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது எண்டு அங்கு நின்றவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது எண்டு தேடி வாசிக்கத் தொடங்கினோம். ஏதோ பொறியியல் கதை ஒன்று கிடைக்கும் எண்டுதான் நினைத்தோம். கிடைத்தது வேறு. யார் கதைக்கலாம், யார் கேட்க மட்டும் வேண்டும் என்ற கேள்வியின் வரலாறு அது.

பூட்டுப் போட்ட பெட்டிகள்

வானொலிக்கு முதல் கம்பி வந்தது. 1852இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரம் தந்திக் கம்பியை வைத்து ஒரு தீ எச்சரிக்கை முறையை அமைத்தது. வில்லியம் சானிங் என்ற மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்ற பொறியியலாளரும் உருவாக்கியது. வீதியோரம் இருக்கிற பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பெட்டியின் இலக்கம் தலைமையகத்துக்குப் போகும். எந்தப் பகுதியில் நெருப்பு எண்டு அங்கிருந்து மணியடித்துச் சொல்வார்கள். அதுவரை கோபுரத்தில் காவல் இருந்தவரின் கண்ணையும் ஓடிவந்தவரின் காலையும் நம்பியிருந்த நகரத்துக்கு இது பெரிய மாற்றம்.

ஆனால் அந்தக் காலத்துப் பெட்டிகள் பூட்டியே இருந்தன. பொய் எச்சரிக்கைக்குப் பயந்து, சாவியைப் பொலிஸிடமும் அக்கம்பக்கத்தில் 'நம்பிக்கையானவர்' எனப்பட்டவர்களிடமும் கொடுத்து வைத்திருந்தார்கள். வீடு எரியிற மனிசன் முதலில் சாவிக்காரரைத் தேடி ஓட வேண்டும். அவசரத் தொடர்பின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது: சாவி யாரிடம்?

1880இல் சிக்காகோ பொலிஸும் வீதியோரத் தொடர்புப் பெட்டிகளை வைக்கத் தொடங்கியது. நடந்து ரோந்து போகிற கான்ஸ்டபிள் குறித்த நேரத்துக்கு ஒரு பெட்டியிலிருந்து நிலையத்துக்குத் தகவல் கொடுப்பார். அடுத்த பெட்டிக்குப் போய்ச் சேரும்வரை நிலையத்தால் அவரைப் பிடிக்கவே ஏலாது. அந்த இடைவெளியில் அவருக்குத் தெரிந்தது அவர் நடக்கிற தெரு மட்டும்தான். இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ, பிறகு திரும்பி வருவோம்.

கடலில் ஒரு ஒத்திகை

கம்பி இல்லாமலே ஆளைப் பிடிக்கலாம் எண்டு உலகம் அறிந்தது 1910இல். மனைவியைக் கொன்ற சந்தேகத்தில் லண்டன் பொலிஸ் தேடிய மருத்துவர் கிரிப்பன், தன் காதலிக்கு ஆண் உடை உடுத்தி, தகப்பனும் மகனும் போல மொன்ட்ரோஸ் என்ற கப்பலில் கனடாவுக்குப் புறப்பட்டார். கப்டன் கெண்டலுக்குச் சந்தேகம் வந்தது. கப்பலின் கம்பியில்லாத் தந்தியால் செய்தி அனுப்பினார். இன்ஸ்பெக்டர் வோல்டர் டியூ அதைவிட வேகமான இன்னொரு கப்பலில் ஏறி முந்திப் போய்க் காத்திருந்தார். ஜூலை 31இல் கைது.

எங்களை நிறுத்தியது கைது இல்லை, அதற்கு முந்திய நாட்கள். கப்பல் போய்க்கொண்டிருக்கும்போதே பத்திரிகைகள் இந்தத் துரத்தலை எழுதிக்கொண்டிருந்தன. ஊர் உலகமெல்லாம் கதைத்தது. தெரியாமல் இருந்தது அந்த இரண்டு பேருக்கும்தான்.

பாட்டுப் போட்ட பொலிஸ்

வானொலி வீதிக்கு இறங்கியது டெட்ரோய்ட் நகரத்தில். அது கார் செய்கிற ஊர். திருடர்களும் காரில்தான் ஓடினார்கள். 1921இல் அந்த நகரப் பொலிஸ், ஒரு மொடல் ரி போர்ட் காருக்குள் வானொலி வாங்கியைப் பொருத்திப் பரிசோதிக்கத் தொடங்கியது.

சொல்லுறது லேசு. அந்தக் காலத்து வானொலி கண்ணாடிக் குழாய்களால் ஆனது. குன்றும் குழியுமான வீதியில் கார் குலுங்க, குழாய் பழுதாகும், அலைவரிசை விலகும். எஞ்சினின் மின்பொறி வேறு, வானொலிக்குள் இரைச்சலாக வந்து விழும். கட்டடங்களுக்கு நடுவில் போனால் சத்தம் செத்துவிடும்.

இதைவிடப் பெரிய தலையிடி அரசின் அனுமதிப்பத்திரம். கேஓபி என்ற அந்தப் பொலிஸ் நிலையம் சாதாரண ஒலிபரப்பு நிலையமாகவே பதியப்பட்டிருந்தது. பொலிஸுக்கெனத் தனி வகை இல்லை. ஆகவே அது மக்களுக்குப் பொழுதுபோக்கும் கொடுக்க வேண்டும். பாட்டுப் போடுவார்கள், நடுவில் களவுபோன காரின் இலக்கத்தை வாசிப்பார்கள், பிறகு திரும்பப் பாட்டு! சிரிப்பு வரும். ஆனால் அதற்குள் ஒரு நியாயமும் இருந்தது எண்டு எங்களுக்குப் படுகிறது. வான்வெளி பொதுச்சொத்து, அதைப் பாவிக்கிறவர் பொதுமக்களுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற எண்ணம்தானே அது?

ஆணையாளர் வில்லியம் ரட்லெட்ஜ் விடவில்லை. கென்னத் கொக்ஸ் என்ற பொலிஸ்காரரும் ரொபர்ட் பட்ஸ் என்ற பொறியியல் மாணவரும் சேர்ந்து, குலுக்கலைத் தாங்குகிற வாங்கியைச் செய்து முடித்தார்கள். 7 வருடப் பரிசோதனைக்குப் பிறகு, 1928 ஏப்ரல் 7இல் பெல் ஐல் தீவிலிருந்து ரோந்துக் கார்களுக்கு ஒழுங்கான ஒலிபரப்பு தொடங்கியது.

அந்தக் கார்களால் கேட்க மட்டும்தான் முடியும். கட்டளை போகும், பதில் வராது. அனுப்புகிறவர் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். யாருக்காவது கேட்டதா என்று அவருக்குத் தெரியாது. காரில் இருப்பவர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இறங்கித் தொலைபேசியைத் தேட வேண்டும். அப்படியிருந்தும் மற்ற நகரங்கள் இதைப் பார்த்துத் தாங்களும் தொடங்கின.

இதற்கு 5 வருடங்களுக்கு முன்பே, 1923இல், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் பொலிஸ் காரில் கம்பியில்லாத் தந்தியைப் பொருத்தியிருந்தது. அதில் பதிலும் அனுப்பலாம், ஆனால் குரலில் அல்ல, மோர்ஸ் குறியீட்டில். அதற்குக் காருக்குள்ளேயே ஒரு தந்திக்காரர் வேண்டும். மெல்பேர்ணில் பதில் சொல்ல முடிந்தது, குரல் இல்லை. டெட்ரோய்ட்டில் குரல் இருந்தது, பதில் இல்லை.

ஒட்டுக்கேட்ட ஊர்

குரலில் போனதால் ஊரே கேட்டது. பொலிஸ் அலைவரிசைகள் சாதாரண ஒலிபரப்புக்குப் பக்கத்திலேயே இருந்தன. 1930களில் வந்த வீட்டு வானொலிகள் பலவற்றில் 'பொலிஸ்' என்று குறித்த இடமே இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமாக இருந்து களவையும் கைகலப்பையும் கேட்டார்கள். சம்பவ இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு. கள்ளருக்கும் காது இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நியூயோர்க்கில் வீஜீ என்ற புகைப்படக்காரர் 1938இல் அனுமதி வாங்கித் தன் காரிலேயே பொலிஸ் வானொலியைப் பொருத்தினார். அந்த நகரத்து இரவுகளின் பெயர்பெற்ற படங்கள் பல அப்படிக் கிடைத்தவை. பொலிஸ் என்ன செய்கிறது எண்டு சாதாரண சனம் நேரடியாகக் கேட்ட காலம் அது. இண்டைக்குப் பல நகரங்களில் பொலிஸ் அலைவரிசை மறைகுறியாக்கப்பட்டு, அந்தக் கதவு மூடப்பட்டு வருகிறது.

பதில் சொல்லத் தொடங்கிய கார்கள்

1933இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் பேயோன் நகரத்தில் கார்கள் குரலிலேயே பதில் சொல்லத் தொடங்கின. 1940இல் கனெக்டிகட் மாநிலப் பொலிஸ், பேராசிரியர் டானியல் நோபிள் வடிவமைத்த இருவழிப் பண்பலை முறைக்கு மாறியது. இடியும் எஞ்சினும் உண்டாக்கும் இரைச்சல் பெரும்பாலும் அலையின் உயரத்தைத்தான் குழப்பும். பண்பலையிலோ செய்தி இருப்பது உயரத்தில் அல்ல, அதிர்வெண்ணின் ஏற்ற இறக்கத்தில். அதனால் குரல் தெளிவாகக் கேட்டது. அதே ஆண்டு நோபிள் பின்னாளில் மோட்டரோலா என்று பெயர்மாறிய கம்பனிக்குப் போனார். அங்கு இரண்டாம் உலகப் போருக்காக முதுகில் சுமக்கும் வானொலி ஒன்று உருவானது. அதைத்தான் முதலில் வோக்கி டோக்கி என்றார்கள்.

படங்களில் வரும் 'டென்-ஃபோர்' கூட இந்தக் காலத்தின் பிள்ளைதான். 1937இல் இல்லினோய் மாநிலப் பொலிஸின் சார்ள்ஸ் ஹொப்பர் இந்த எண் குறியீடுகளை உருவாக்கினார். பொத்தானை அமத்தியவுடன் அந்தக் கால அனுப்பி முழுச் சக்திக்கு வராது, ஒரு கணம் எடுக்கும். முதல் அசை விழுங்கப்படும். ஆகவே முன்னால் 'பத்து' எண்டு சொல்லிவிட்டால், அது போனாலும் பின்னால் வரும் முக்கியமான எண் தப்பும். நல்ல யோசனை. ஆனால் ஊருக்கு ஊர் எண்களின் அர்த்தம் மாறியது. 2005இல் கத்ரினா சூறாவளியின்போது பல ஊர்ப் படைகள் ஒன்றாக வேலை செய்ய வேண்டி வந்தபிறகு, சாதாரண மொழியிலேயே கதையுங்கள் எண்டு அரசு கேட்க வேண்டியதாயிற்று.

படிக்கட்டில் நின்றவர்கள்

தீயணைப்புப் படையின் கதை கொஞ்சம் வேறு. பொலிஸ் காரில் இருந்தது, ஆகவே வானொலியும் காரில் இருந்தால் போதும். தீயணைப்பாளர் நிற்பதோ புகைக்குள், படிக்கட்டில். அவருக்குக் கையில் பிடிக்கிற கருவி வேண்டும். அது வந்தபிறகும் இரும்பும் கொங்கிரீட்டும் அலையை மறித்தன.

2001 செப்டெம்பர் 11இல் நியூயோர்க்கின் தெற்குக் கோபுரம் விழுந்து 29 நிமிடங்களுக்குப் பிறகுதான் வடக்குக் கோபுரம் விழுந்தது. வானிலிருந்து பார்த்த பொலிஸ் ஹெலிகொப்டர் அது விழப்போகிறது எண்டு எச்சரித்தது, பொலிஸ் அலைவரிசையில். தீயணைப்புப் படை வேறு அலைவரிசையில் இருந்தது. வெளியேறு என்ற கட்டளை உள்ளே இருந்த கனபேருக்குப் போய்ச் சேரவில்லை. அண்டைக்கு 343 தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். எல்லா மரணத்துக்கும் வானொலியே காரணம் எண்டு சொல்ல ஏலாது. ஆனால் ஒரே நகரத்தின் இரண்டு படைகள் 80 வருட வானொலிக்குப் பிறகும் ஒன்றையொன்று கேட்க முடியாமல் நின்றன.

திரும்ப டெட்ரோய்ட்

நடந்து போன கான்ஸ்டபிளை ஞாபகத்தில் வைக்கச் சொன்னோமே. வானொலி வந்தபின் அவர் காரில் ஏறினார். தலைமையகத்தின் குரல் எப்போதும் அவரின் காதுக்குள் இருந்தது. தெருவின் குரல் கண்ணாடிக்கு வெளியே போனது. 1967 ஜூலையில், பொலிஸ் வானொலி பிறந்த அதே டெட்ரோய்ட்டில், கறுப்பின மக்களின் பகுதியில் ஒரு மதுக்கடையில் நடந்த பொலிஸ் தேடுதல் பெரும் கிளர்ச்சியாக வெடித்தது. 43 பேர் செத்தார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் வெடித்த கிளர்ச்சிகளை ஆராய்ந்த கேர்னர் ஆணைக்குழு 1968இல் அறிக்கை கொடுத்தது. இனவாதமும் வறுமையும் பொலிஸ் அட்டூழியமும் அதில் முன்னுக்கு நிற்கின்றன. கூடவே இன்னொன்றையும் சுட்டியது: காரில் ஏறிய பொலிஸ்காரருக்கும் அங்கே வாழும் சனத்துக்கும் இடையில் பழக்கம் அறுந்துபோனது.

கார்கள் தலைமையகத்துக்குப் பதில் சொல்லப் பழகிவிட்டன. தெருவுக்குப் பதில் சொல்வதைக் கருவி கற்றுக்கொடுக்காது. அதற்கு வேறு சட்டம் வேண்டும், வேறு அரசியல் வேண்டும், இறங்கி நடக்கிற மனம் வேண்டும்.

அடுத்தமுறை அந்தக் கரகரப்பு கேட்கும்போது நாங்களும் ஒன்றைக் கேட்கலாம் எண்டு நினைக்கிறோம். இலக்கத்தை வாசிக்கிறவரிடம், மரியாதையாக, எங்கட மொழியில்: "என்ன சொல்லுறாங்கள், ஐயா?"