அரிப்புக் கரையில் வீட்டு வேதம்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அருவியாறு கடலில் விழும் இடத்துக்கு அண்மையில், முசலிப் பிரதேசத்தில் இருக்கிறது அரிப்பு. முத்துக் குளிக்கும் சலாபத்தாலும் கடலோரக் கோட்டையாலும் இவ்வூர் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. இக்கரையின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. குருவானவர் வரமுடியாமலும் கோயிலில் பூசை நடக்காமலும் போன நீண்ட காலங்களில் வேதம், அதாவது கத்தோலிக்க விசுவாசம், இங்கே வீட்டுக்குள் காப்பாற்றப்பட்டது. அந்திச் செபமாலை, தபசு காலத்துப் பசாம் பாட்டு, குடும்பத்தோடு மடுத் திருத்தலத்துக்குப் போகும் யாத்திரை ஆகியவை இன்று பக்திப் பழக்கங்களாகத் தெரிகின்றன. ஒரு காலத்தில் வேதப் பள்ளிக்கூடமாக இருந்தவையும் அவைதாம். தாயும் பாட்டியும் ஊர் மூப்பரும் அங்கே ஆசிரியர்கள். கடல், நோய், சாவு, பயணம் ஆகியவை பாடங்கள்.

பிள்ளைகள் கொண்டுபோன பாடம்

மன்னார்க் கரைக்கு வேதம் வந்தது எதிர்க்கரையிலிருந்து. தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு ஆகிய ஊர்களின் பரதவர்கள் 1535-37 ஆண்டுகளில் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்களுக்குச் செபம் கற்பிக்கத் தமிழ் தெரிந்த குருக்கள் இல்லை. 1542-இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் மங்கள வார்த்தைச் செபத்தையும் கற்பனைகளையும் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். அவர் முக்கியமாகப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தார். கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் விதித்த கடமை. நோயாளிகள் அழைத்தபோது, தாம் போக முடியாத வீடுகளுக்கும் பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் படுக்கையைச் சுற்றி நின்று வீட்டாரோடு செபம் சொன்னார்கள். இச்செய்திகள் அவருடைய கடிதங்களில் உள்ளன. ஆக, இக்கடலோரத்தில் வேதபாடம் தொடக்கத்திலேயே வீட்டைக் குறிவைத்து நடந்தது.

மன்னார் மக்கள் சவேரியாரைத் தங்களிடம் வரும்படி அழைத்தார்கள். அப்போது திருவிதாங்கூர்க் கரையில் இருந்த அவர் ஒரு குருவை அனுப்பினார். 1544-இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி படையோடு வந்து, வேதத்தில் சேர்ந்தவர்களைக் கொன்றான். கொல்லப்பட்டவர்கள் 600 முதல் 700 பேர் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. தோட்டவெளியில் உள்ள வேதசாட்சிகளின் திருத்தலம் அவர்களின் நினைவுக்குரியது. 1560-இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். புன்னைக்காயலிலிருந்து பரதவக் குடும்பங்களும் தீவில் குடியேற்றப்பட்டன. மன்னாரிலும் சில காலம் பணிசெய்த அண்டிரிக்கு அடிகளார் 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கச் சிறுநூலைக் கொல்லத்தில் அச்சிட்டார். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாக இன்று கிடைப்பது அதுவே.

குரு இல்லாத ஆண்டுகள்

1658-இல் ஒல்லாந்தர் மன்னாரையும் அடுத்து யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த கட்டளை, கத்தோலிக்கக் குருவை ஒளித்துவைப்பவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. கோயில்கள் ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையின் கையில் போயின. பதிவுக்காக அந்தச் சபையில் திருமணம் செய்வதும், பிள்ளைகளை அவர்களின் பள்ளிக்கு அனுப்புவதும் கட்டாயமாயின. அதனால் குடும்பங்கள் இரண்டு வாழ்க்கை வாழப் பழகின. வெளியே அரசு கேட்ட சடங்கு நடந்தது. உள்ளே கதவை அடைத்துச் செபமாலை சொல்லப்பட்டது.

பூசையும் பாவசங்கீர்த்தனமும் குருவின்றி நடக்கமாட்டா. ஆனால் ஆபத்து வேளையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். மூப்பர்களும் வயதான பெண்களும் பிறந்த குழந்தையின் தலையில் தண்ணீர் வார்க்கவும், சாகக் கிடப்பவரின் பக்கத்தில் செபம் சொல்லவும், அடக்கச் செபத்தை நடத்தவும் இந்தச் சட்டமும் வழக்கமும் இடம் கொடுத்தன. செபமாலையின் சிறப்பும் இங்கேதான் விளங்குகிறது. அதற்குப் புத்தகமும் வேண்டாம், பீடமும் வேண்டாம். கிறிஸ்துவின் பிறப்பு, பாடு, உயிர்ப்பு ஆகியவற்றின் தேவ இரகசியங்கள் விரல்மணிகளோடு நினைவில் ஓடும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கும் அது சுவிசேஷச் சுருக்கமாக நின்றது.

மடுத் திருத்தலத்தின் கதையும் இக்காலத்தது. 1670 அளவில் மாந்தைக் கோயிலின் மாதா சுருவத்தை எடுத்துக்கொண்டு 20 குடும்பங்கள் காட்டு வழியே ஓடி, கண்டியரசின் எல்லைக்குள் மருதமடுவில் நிலைத்தன என்பது மரபு வரலாறு. அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஒரு சுருவத்தைக் காத்தவர்கள் அதைத் தங்கள் பிள்ளைகளைப் போலத் தூக்கிச் சென்ற குடும்பத்தினர். மடு மண்ணை வீட்டில் எடுத்துவைத்துப் பாம்புக்கடிக்கும் நோய்க்கும் பயன்படுத்தும் வழக்கம் பின்னர் வன்னி முழுவதும் பரவியது.

29 ஆண்டுகளுக்குப் பின், 1687-இல், கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் இலங்கை வந்தார். யார் கத்தோலிக்கர் என்று அறிய அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்று, அதைக் கண்டவர்களின் முகத்தைப் பார்த்தார். செபமாலையை அடையாளம் கண்டுகொண்ட வீடுகளில் இரகசியப் பணியைத் தொடங்கினார். குரு இல்லாத அத்தனை ஆண்டுகளிலும் வீட்டுச் செபம் செத்துப்போகவில்லை என்பதற்கு அந்த முகங்களே சாட்சி.

அரிப்பில் கரையேறிய கைதி

இந்த மௌன காலத்தின் நடுவே வேறொரு கிறிஸ்தவர் அரிப்புக்கு வந்து சேர்ந்தார். ஆங்கில மாலுமி ரொபட் நொக்ஸ் தம் தகப்பனோடு 1660-இல் கொட்டியாரத்துக்கு அருகே கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, மலைநாட்டில் சிறைவைக்கப்பட்டவர். தகப்பன் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நோயால் இறந்தார். தாமும் நோயாளியாக இருந்த மகன், ஒரு சிறுவனின் உதவியோடு அவரைத் தம் கையால் அடக்கம் செய்தார். தனிமையில் அவரிடம் இருந்தவை இரண்டு பக்திப் புத்தகங்கள் மட்டுமே.

ஒரு நாள் அவர் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு முதியவரிடம் புத்தகம் ஒன்று இருப்பது தெரியவந்தது. போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது அந்த முதியவர் கைக்கு வந்த ஆங்கில விவிலியம் அது. கையிலிருந்த பணம் முழுவதையும் கொடுக்க நொக்ஸ் துணிந்தார். கூட இருந்த சிறுவனின் யோசனையால், தாம் பின்னிய ஒரு தொப்பிக்கே அது கிடைத்தது. தொப்பி பின்னி விற்பது அவருடைய பிழைப்பு. அப்போஸ்தலர் பணியில் சிறைக்காவலன் மீட்புக்கு வழி கேட்கும் இடமே முதலில் கண்ணில் பட்டதென்றும், அதைத் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

19 ஆண்டுச் சிறைவாசத்தின் முடிவில் தோழர் ஒருவரோடு அருவியாற்றின் கரை வழியே காட்டைக் கடந்து, 1679 ஒக்டோபர் 18 பிற்பகலில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681-இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில் இத்தனையும் பதிவாகியுள்ளது. வேதப்பிரிவால் அவரும் மன்னார்க் கத்தோலிக்கரும் வேறு வேறு. ஆனாலும் தகப்பனின் சாவு, கைத்தொழில், எதிர்பாராமல் கிடைத்த புத்தகம் ஆகிய அன்றாட நிகழ்ச்சிகளில் தேவசெயலைக் காணும் பழக்கம் இருதரப்புக்கும் பொதுவானது. கோயிலும் குருவும் இல்லாத நிலையில் இருவரையும் தாங்கியதும் அதுவே.

சலாபமும் கடற்கட்டியும்

அரிப்பின் அயலூர் சிலாவத்துறை. சலாபத்துறை என்பதே அவ்வாறு திரிந்தது என்பர். மாசி, பங்குனி மாதங்களில் அரசு சலாபம் அறிவித்தால், வெறும் மணல்வெளியாகக் கிடந்த கரை பல்லாயிரம் பேர் வாழும் கொட்டில் நகரமாக மாறும். இச்சலாபங்களை மேற்பார்வை செய்வதற்காக ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையின் இடிபாடு அரிப்புக் கடல்மேட்டில் நிற்கிறது. 1803-இல் ஆங்கிலப் படை அதிகாரி றொபட் பேர்சிவல் எழுதிய நூல் அக்கால வேலைமுறையைத் தருகிறது. இரவில் பீரங்கி வெடித்ததும் வள்ளங்கள் தரைக்காற்றில் புறப்படும். ஒரு வள்ளத்தில் 10 குளியாளிகள். ஐந்து பேர் மூழ்க, ஐந்து பேர் இளைப்பாறுவர். கல்லின் பாரத்தோடு வலைப்பையும் கொண்டு இறங்குவர். பல சமயத்தார் சேர்ந்து உழைத்ததால் அவரவர் திருநாள்களும், கத்தோலிக்கருக்காக ஞாயிறும் விடுமுறையாயின.

கடலுக்கடியில் இருப்பவனின் உயிர் மேலே கயிறு பிடிப்பவன் கையில். அந்தக் கயிற்றை மைத்துனனிடமே கொடுக்க வேண்டும், தன் சகோதரி தாலியிழக்க அவன் விடமாட்டான் என்பது முத்துக்குளிக்கும் கரைகளின் சொல்வழக்கு. உறவும் நம்பிக்கையும் ஒரே கயிற்றில் இருந்தன. வேறு இடங்களில் விளக்கிச் சொல்ல வேண்டிய சுவிசேஷ உவமைகள் இங்கே கண்முன் நடந்தன. உயர்ந்த முத்தொன்றைக் கண்டு உள்ளதையெல்லாம் விற்ற வணிகன் அரிப்புக் கரைக்குச் சலாபந்தோறும் வந்தான். சிப்பியை ஆயிரக்கணக்கில், திறந்து பாராமலே, ஏலத்தில் எடுத்தார்கள். அழுகவைத்துக் கழுவி அரித்த பிறகே செல்வனானவன் யார், கடனாளியானவன் யார் என்பது தெரிந்தது. நல்ல மீனைக் கூடையில் சேர்த்து ஆகாததை எறியும் வலையின் உவமை மீனவப் பிள்ளைக்கு நாள்தோறும் மாலையில் கரையில் காணும் காட்சி.

பழைய நம்பிக்கைகளும் விட்டுப்போகவில்லை. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரனுக்குக் கடற்கட்டி என்று பெயர். இக்கடலின் சலாபத்தில் பிராமணர்கள் இவ்வேலையைச் செய்து இருபதில் ஒரு பங்கு பெற்றதாக 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்தார். ஆங்கிலேயர் காலத்தில் அரிப்பில் ஒரே குடும்பம் இவ்வுரிமையைப் பரம்பரையாக வைத்திருந்தது. அரசு சம்பளம் கொடுத்தது. ஒவ்வொரு வள்ளமும் நாளுக்கு 10 சிப்பி கொடுத்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கில அரசின் அதிகாரி எமர்சன் டெனன்ட் இங்கு வந்தபோது அப்பதவியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர். மந்திரத்தையும் மாதாவையும் குளியாளிகள் எதிரெதிராக நிறுத்தவில்லை. கடலுக்குப் போனவன் உயிரோடு திரும்ப வேண்டும் என்ற வீட்டின் கவலையே இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தது.

1905-இல் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு உரிமை இலண்டன் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்குப் போனது. சில ஆண்டுகளில் சிப்பிப் பார்கள் வற்றின. 1925-க்குப் பின் பெரிய சலாபம் நடக்கவில்லை. மீன்பிடியே தொழிலாக நிலைத்தது.

பசாமும் கூத்தும்

யோசவ் வாஸ் அடிகளாரின் வழியில் 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், வீட்டு வேதத்துக்கு ஓர் இலக்கியம் கொடுத்தார். தமிழிலும் சிங்களத்திலும் அவர் எழுதிய நூல்கள் ஓலையில் படியெடுக்கப்பட்டு ஊரூராகப் போயின. அவர் பெயரால் வழங்கும் ‘வியாகுலப் பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளை மாதாவின் துயரத்தோடு சேர்த்துச் சொல்வது. தபசு காலத்தில் அதை இராகத்தோடு வாசிப்பதும் பசாம் பாடுவதும் வட இலங்கைக் கத்தோலிக்க ஊர்களின் வழக்கமாயின. பசாம் என்ற சொல் பாடுகளைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. அதன் ஓசையோ சாவீட்டு ஒப்பாரியுடையது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழும் அழுகையை அறிந்த பெண்களுக்குப் பெரிய வெள்ளியின் பொருள் அந்த ஓசையிலேயே விளங்கியது.

அண்ணாவியார்கள் பழக்கிய கூத்துகளும் இதே வேலையைச் செய்தன. மன்னாரின் வாசாப்பு என்னும் கூத்து மரபில் மூவிராசாக்கள், ஞானசவுந்தரி போன்ற நாடகங்கள் தலைமுறையாக ஆடப்பட்டன. மூன்று இராசாக்களும் ஏரோதும் மேடையில் வந்தபோது, அந்த வேடங்களுக்குள் இருந்தவர்கள் பார்ப்பவர்களின் அண்ணனும் மாமனும்.

இடம்பெயர்ந்த வீடுகள்

1962-65-இல் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று 1964-ஆம் ஆண்டு ஏட்டில் குறிப்பிட்டது. பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் போதகர்கள் பெற்றோர் என்றும் சொன்னது. மன்னார்க் கரையில் நடைமுறையாக இருந்ததற்கு அது கோட்பாட்டுப் பெயர் கொடுத்தது. மன்னார் தனி மறைமாவட்டமானது 1981-இல்.

உள்நாட்டுப் போர்க்காலம் குருவற்ற ஆண்டுகளின் நிலையை வேறு வடிவில் திருப்பிக் கொண்டுவந்தது. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதால் முசலியில் கத்தோலிக்கரின் அயலவர்களான அவர்களின் ஊர்கள் வெறிச்சோடின. 2007-இல் முசலிப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. அவ்வாண்டு வெளியேறிய முள்ளிக்குளம் மக்களின் ஊரில் கடற்படை முகாம் அமைந்தது. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கோயில் மணி இல்லை. அந்திச் செபமாலை இருந்தது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மடு மாதாவின் சுருவம் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ஓகஸ்டில் திரும்பியது. 1670-இல் மாந்தையிலிருந்து ஓடியவர்களின் கதையைப் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் அதே சுருவம் மறுபடியும் இடம்பெயர்வதைக் கண்டார்கள்.

2015 ஜனவரி 14 காலையில், செபமாலை அணிந்து வீட்டுக்கு வீடு பிச்சைக்குச் சென்ற யோசவ் வாஸ் அடிகளாரைக் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகல் அவர் மடுவுக்கு வந்து, 20 குடும்பங்கள் காட்டு வழியே தூக்கிவந்த சுருவத்தின் முன் செபித்தார்.