எல்லை கடந்த காவல்: கதர் கட்சியும் மங்கு ராமும்

காலனிய எதிர்ப்பாளர்கள் எல்லை கடந்தபோது காவல்துறையும் அவர்களைத் தொடர்ந்தது. ஆனால் அது எப்போதும் காவல்துறையின் பெயரில் செல்லவில்லை. குடிவரவுச் சட்டம், துறைமுகச் சோதனை, அரசுகளுக்கிடையிலான இரகசியக் கடிதப் போக்குவரத்து ஆகிய வடிவங்களிலும் சென்றது. வட அமெரிக்காவில் இயங்கிய கதர் கட்சியின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாகும். இங்குக் 'கதர்' என்பது கைத்தறித் துணியைக் குறிப்பதன்று. கலகம் எனப் பொருள்படும் உருதுச் சொல்.

குடிவரவுத் துறையே உளவுத்துறை

ஐரோப்பாவிலிருந்த இந்தியப் புரட்சியாளர்களைக் கண்காணிக்க, 1909இல் லண்டனில் இந்திய அரசியல் உளவுப் பிரிவு தொடங்கப்பட்டது. வான்கூவரில் வில்லியம் ஹாப்கின்சன் அப்பணியைச் செய்தார். கல்கத்தா காவல்துறையில் பணியாற்றிய அவர், கனடாவின் குடிவரவு அலுவலராக இருந்துகொண்டே இந்திய அரசுக்கும் அறிக்கை அனுப்பினார். அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகளுடனும் தகவல் பகிர்ந்தார்.

1913இல் உருவான கதர் கட்சியில் மர ஆலைகளிலும் பண்ணைகளிலும் உழைத்த பஞ்சாபியரே மிகுதி. 1914 மார்ச்சில் அதன் பொதுச் செயலாளர் ஹர் தயாளை அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் கைது செய்தனர்; பிணையில் வெளிவந்த அவர் ஐரோப்பாவுக்குச் சென்றார். அதே ஆண்டில் 376 பயணிகளுடன் வான்கூவரை அடைந்த கோமகதா மாரு கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. செப்டம்பர் 29 அன்று கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் காவலர் சுட்டதில் பயணிகள் பலர் இறந்தனர். அக்டோபரில் ஹாப்கின்சனை மேவா சிங் சுட்டுக் கொன்றார். 1915 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார்.

போர்க்காலச் சட்டங்கள்

நாடு திரும்புவோரைத் தடுத்துவைக்க 1914இல் அவசரச் சட்டமும், அடுத்த ஆண்டில் இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. லாகூர் சதி வழக்கில் கர்த்தார் சிங் சராபா உள்ளிட்ட எழுவர் 1915 நவம்பரில் தூக்கிலிடப்பட்டனர். அமெரிக்கா போரில் இறங்கிய 1917இல், பிரிட்டன் நெடுநாள் வலியுறுத்திய வழக்கு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது.

மங்கு ராம்

இவ்வரலாற்றில் அரிதாகவே பேசப்படுபவர் மங்கு ராம் முகோவாலியா. ஹோசியார்பூர் மாவட்டத்தின் முகோவால் சிற்றூரில் சமார் சாதியில் 1886இல் பிறந்தவர். பள்ளியில் வகுப்பறைக்கு வெளியே அமர்த்தப்பட்டவர். 1909இல் கலிபோர்னியா சென்று கதர் கட்சியில் இணைந்தார். 1915இல் ஆயுதம் பெறும் நோக்குடன் புறப்பட்ட மேவரிக் கப்பலில் சென்ற ஐந்து கதர் தோழர்களுள் அவரும் ஒருவர். ஆயுதங்களுடன் வந்த ஆனி லார்சனை மேவரிக் சந்திக்கவில்லை, திட்டம் தோற்றது. மரண தண்டனையிலிருந்து தப்பி மணிலாவை அடைந்ததாக அவர் பின்னர் கூறினார்.

1925இல் ஊர் திரும்பியபோது தீண்டாமை மாறாதிருந்தது. அடுத்த ஆண்டே ஆதி தர்ம இயக்கத்தைத் தொடங்கினார். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பஞ்சாபில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதி தர்மிகளாகப் பதிவாயினர்.

பேரரசுகளை எதிர்த்தவரை எல்லைதோறும் தேடிய அரசு, அவரது ஊருக்குள் இருந்த எல்லையைத் தொடவில்லை. அந்த எல்லைக்கு எதிரான போராட்டத்தை விடுதலைப் போராட்டத்தின் பகுதியாக எழுதாத வரலாறு முழுமையானதன்று. மறுபுறம், போர்க்காலத்தில் வலுப்பெற்ற விசாரணையற்ற தடுப்புக்காவல், விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பிலும் இடம்பெற்றது. சிறையிலுள்ள செயற்பாட்டாளர்களைப் பற்றிப் பேசும் இன்றைய மாணவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே பயில வேண்டும்.