யோபுவின் கதையைக் கேட்ட அரண்மனை அலுவலர்

கஷ்டம் வந்தால் கடவுளை வேண்டிக்கொள்ளாதவர் யார்? அது சுலபம். கஷ்டத்தின் நடுவில் இருந்துகொண்டே அவருக்கு நன்றி சொல்வதுதான் சிரமம். கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு இதில் முன்னோடி, பழைய ஏற்பாட்டில் வரும் யோபு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே அவர் பெயர் 'ழோப்'. ஒருவர் பரம ஏழை என்று சொல்ல வேண்டுமானால் 'ழோப்பைப் போல ஏழை' என்பார்கள் பிரெஞ்சுக்காரர்கள். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் அவருடைய பொறுமையைத்தான் எடுத்துச் சொல்வார்கள். ஆடு மாடு, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போன பிறகும் கடவுளைப் பழிக்காமல் வாழ்த்தியவர் அவர்.

அந்தக் கதையைக் கேட்டதால் ஒருவருடைய வாழ்க்கையே மாறிப்போன வரலாறு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நடந்த இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அப்போது அது திருவிதாங்கூர் அரசில் இருந்தது. மார்த்தாண்ட வர்மா மன்னர்.

1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்டவர்களில் ஒருவர் டிலனாய். மன்னர் அவருடைய திறமையைப் பார்த்து, தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தியவரும் அவர்தான்.

அதே அரசில் வேலை பார்த்தவர் நட்டாலம் நீலகண்டன். 1712-இல் பிறந்தவர். பத்மநாபபுரம் அரண்மனையில் பொறுப்பான பதவி. என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் அண்ணாந்து பார்க்க வேண்டிய நிலை என்றாலும், அவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்தானே என்று எனக்கு ஒரு நெருக்கம். அவருக்குக் கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது, குடும்பத்தில் துன்பம் தொடர்ந்தது. மனம் உடைந்திருந்த அவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

நீலகண்டன் 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. கடவுளின் உதவி என்று பொருள். மனைவி பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

அதன்பின் மாடுகள் திரும்பி வந்தனவா? இல்லை. இருந்ததும் போயிற்று. 1749 பிப்ரவரியில் அவர் கைது செய்யப்பட்டார். பதவி போனது, குடும்பத்தைப் பிரிந்தார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டு போனார்கள், அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்கள் என்று திருச்சபையின் வரலாறு சொல்கிறது. மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு புனித சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. தண்டனைக்கு மதம்தான் காரணம் என்பதை மறுக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அரசியல் காரணம் என்பார்கள். ஆனால் அவர் கடைசிவரை தம் விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதே மக்கள் மனதில் நின்றது.

நான் இதை இத்தனை விவரமாக எழுதக் காரணம் உண்டு. என் மனைவி இறந்த ஆண்டில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள், "யோபுவுக்கு ஆண்டவர் எல்லாவற்றையும் இரண்டு மடங்காகத் திருப்பித் தரலையா?" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் கூடவே வாழ்ந்தவள் எந்த மடங்கிலும் திரும்பி வரமாட்டாள். யோபு ஆகமத்தின் கடைசி அதிகாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், நன்றி என்பது வட்டிக்குக் கொடுத்த பணம் மாதிரி ஆகிவிடும்.

தேவசகாயத்துக்கு அந்தக் கடைசி அதிகாரம் இந்த உலகத்தில் கிடைக்கவில்லை. அவர் எடுத்துக்கொண்டது முதல் அதிகாரத்தை: கொடுத்தவர் கையில் இருக்கிறோம் என்ற நம்பிக்கையை. சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் நிருபத்திலும், எந்த நிலையில் இருந்தாலும் நன்றி சொல்லும்படிதான் சொல்கிறார். வந்த கேட்டுக்காக நன்றி சொல்லச் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் புரிய எனக்கு எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

கதை சொன்ன டிலனாயையும் அது விடவில்லை. அவருடைய மகன் 1765-இல் களக்காட்டுப் போரில் இளம் வயதிலேயே இறந்தான். உதயகிரிக் கோட்டைக்குள் இடிந்த கோயிலில் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. டிலனாய் 1777-இல் இறந்தார். பிறருக்குச் சொன்ன யோபுவின் கதையை அவர் அந்தப் பன்னிரண்டு வருஷங்களில் தமக்குத்தாமே எத்தனை முறை சொல்லிக்கொண்டாரோ!

2022 மே 15 அன்று ரோமையில் போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். அன்றே புனிதராக்கப்பட்டவர்களில் ஒருவர் ஷார்ல் தெ ஃபூக்கோ என்ற பிரெஞ்சுத் துறவி. சகாராப் பாலைவனத்தில் 1916-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். தன்னை முழுவதும் தந்தையின் கையில் விட்டுவிட்டு, எது நேர்ந்தாலும் நன்றி கூறும் அவருடைய ஜெபம் பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களிடம் பிரசித்தம். இருவருக்கும் ஒரே மேடை கிடைத்தது எனக்குத் தனி மகிழ்ச்சி.

எங்கள் காவாந்தண்டலத்தில் ஏரி நிரம்பிய வருஷம் எல்லாருடைய வாயிலும் நன்றி வரும். சொர்ணவாரி கருகிய வருஷத்திலும், "உயிரோட வெச்சிருக்காரே சாமி" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பட்டத்துக்கு விதைநெல்லை எடுத்து வைக்கும் பெரியவர்கள் இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் இருக்கிறார்கள். மாலையில் அவர்களோடு உட்கார்ந்து பேசும்போது, நன்றியைப் பற்றி அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல எதுவும் இல்லை என்றே தோன்றுகிறது.