பெயருக்கு ஒரு குழுவா, பொறுப்புள்ள குழுவா?
மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்ட நிர்வாகம் பற்றி ஓர் ஆய்வு

முன்னுரை

இந்திய மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் பாடத்திட்டக் குழு ஒன்று இயங்க வேண்டும் என்பது விதி. 2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் தொடங்கி நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம், துறைகளை இணைக்கும் வேலையை இக்குழுவை நம்பியே விட்டிருக்கிறது. ஆனால் குழுவின் வேலை கால அட்டவணை போடுவதோடும், ஆய்வுக்கு வருவோரிடம் காட்டக் கூட்டக் குறிப்பு எழுதி வைப்பதோடும் நின்றுவிடும் நிலை அரிதல்ல. பாட நேரத்தின் மீதும் தேர்வின் மீதும் முடிவெடுக்கும் உரிமை இல்லாத குழுவால் பாடத்திட்டத்தை நிர்வகிக்க இயலாது என்பதும், அந்த உரிமையை இன்றைய விதிகளுக்கு உட்பட்டே கல்லூரிகள் வழங்க முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

துறையின் உடைமையிலிருந்து கல்லூரியின் பொறுப்புக்கு

ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்கா, கனடா நாடுகளின் 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து 1910-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின், இரண்டாண்டு ஆய்வகப் பாடம், அடுத்த இரண்டாண்டு மருத்துவமனைப் பயிற்சி என்ற அமைப்பு அங்கே வேரூன்றியது. மருத்துவக் கல்வியின் அறிவியல் அடித்தளம் வலுப்பெற்றது. கூடவே, ஒவ்வொரு துறையும் தன் பாடத்துக்கும் அதற்குரிய நேரத்துக்கும் உரிமையாளரானது. எதை நடத்துவது, எத்தனை மணி நேரம் நடத்துவது, தேர்வில் எதைக் கேட்பது என எல்லாமே துறைத்தலைவரின் முடிவாயிற்று. துறைகள் தனித்தனியே கொடுத்ததை ஒன்றுசேர்த்துப் புரிந்துகொள்ளும் பாரம் மாணவர் தலையில் விழுந்தது.

இந்த ஏற்பாட்டைத் துணிந்து கலைத்தது கிளீவ்லாந்து நகரின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம். டீன் ஜோசப் வேர்ன் தலைமையில் அங்கு 1952-இல் தொடங்கிய பாடத்திட்டம் இதயம், சிறுநீரகம் என உறுப்பு மண்டலங்களின் வழியே அமைந்தது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் பல துறை ஆசிரியர்கள் அடங்கிய பாடக்குழு ஒன்று பொறுப்பேற்றது. முதலாண்டு மாணவரிடமே ஒரு கர்ப்பிணியின் குடும்பத்தைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு தரப்பட்டது. பிற்காலத்தில் பலரும் பின்பற்றியது உறுப்பு மண்டல முறையைத்தான். ஆனால் அதைச் சாத்தியமாக்கியது வேறொரு மாற்றம்: பாடத்தின் மீதான அதிகாரம் துறைகளிடமிருந்து ஆசிரியர் குழாம் முழுவதற்கும் கைமாறியது. பாடக்குழு நேரத்தைப் பங்கிட்டது. துறைகள் அதற்கு உடன்பட்டு நடத்தின. அதிகாரத்தை மாற்றாமல் அட்டவணையை மட்டும் மாற்றியிருந்தால் அந்தச் சோதனை சில ஆண்டுகளிலேயே பழைய வடிவத்துக்குத் திரும்பியிருக்கும்.

இதற்குப் பின்னும் பெரும்பாலான கல்லூரிகளில் துறையாதிக்கம் தளரவில்லை. ஸ்டீபன் ஆபிரகாம்சன் 1978-இல் எழுதிய கட்டுரையொன்றில் பாடத்திட்டங்களைப் பீடிக்கும் கோளாறுகளை நோய்களாக வகைப்படுத்தினார். துறைகளின் எல்லைகள் இறுகிப்போவது ஒன்று. ஒரு பாடம் மட்டும் கட்டுக்கடங்காமல் வளர்வது இன்னொன்று. பாடங்கள் சந்திக்கும் மூட்டுகள் செயலிழப்பது மற்றொன்று. இந்நோய்கள் எதையும் ஒரு துறை தனித்து நின்று குணப்படுத்த முடியாது என்பது அந்தப் பட்டியலைப் படிக்கும் எவருக்கும் விளங்கும்.

அமெரிக்காவில் எம்.டி. பட்டம் தரும் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எல்.சி.எம்.இ., 1942-இல் நிறுவப்பட்ட அமைப்பு. அதன் 12 தரநிலைகளில் எட்டாவது முழுக்கப் பாடத்திட்ட நிர்வாகம் பற்றியது. பாடத்திட்டத்தின் வடிவமைப்பு, நிர்வாகம், ஒருங்கிணைப்பு, மதிப்பீடு ஆகியவற்றின் முழுப்பொறுப்பு ஆசிரியர் குழு ஒன்றிடம் இருக்க வேண்டும் என்பது அதன் முதல் கூறு. எது விடுபட்டிருக்கிறது, எது தேவையின்றித் திரும்ப வருகிறது என்று கண்காணிப்பது, வெவ்வேறு மருத்துவமனைகளில் பயிலும் மாணவர்களுக்கு நிகரான பயிற்சி கிடைக்கிறதா எனப் பார்ப்பது, மாணவர் கருத்தைத் திரட்டுவது, அவர்கள் செலவிடும் நேரத்தைக் கணக்கிடுவது ஆகியவை அடுத்தடுத்த கூறுகள். முழு ஆய்வு வரும்போது மாணவர்கள் தாங்களே கருத்துக்கணிப்பு நடத்தித் தனி அறிக்கை தருகிறார்கள். குழு என்ன தீர்மானித்தது என்பதோடு, தீர்மானித்ததைச் செயல்படுத்தும் அதிகாரம் அதற்கு இருந்ததா என்பதும் அங்கே சோதிக்கப்படுகிறது.

ரத்தசோகை என்னும் உரைகல்

இந்தியப் பாடத்திட்டத்தில் இந்தக் கேள்வி எப்படி எழுகிறது என்பதை ஒரு நோயை வைத்தே பார்க்கலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. இந்நாட்டில் மருத்துவராகும் எவரும் முதல் நாளிலிருந்தே சந்திக்கப்போகும் நோய் இது.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட திறன் பட்டியலில் ரத்தசோகையின் வகைகள் உடலியங்கியலில் பி.ஒய். 2.5 என்ற எண்ணில் வருகின்றன. இரும்புச்சத்தின் வளர்சிதைமாற்றம் நோயியலில் பி.ஏ. 14.1. பொது மருத்துவத்தில் ஐ.எம். 9 முழுவதும் ரத்தசோகைதான். மருந்தியல், சமுதாய மருத்துவம், மகப்பேறு மருத்துவம் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஒவ்வொரு திறனுக்கும் நேரே, எந்தத் துறையோடு இணைத்து நடத்தலாம் என்று குறிக்க இரண்டு பத்திகள் உள்ளன. அவற்றில் துறைகளின் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. அத்துறைகளை ஒரே மேசையில் உட்காரவைக்கும் வேலையைப் பட்டியல் செய்யாது.

அந்த வேலையை யாரும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இரும்புச்சத்து குடலில் உறிஞ்சப்படும் விதம் மூன்று துறைகளில் மூன்று முறை சொல்லப்படலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டதும் மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து, மாத்திரையை நிறுத்திவிடும் கர்ப்பிணியிடம் எப்படிப் பேசுவது என்பது ஒரு வகுப்பிலும் சொல்லப்படாமல் போகலாம். ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் சரியாகவே செய்திருக்கும். விடுபட்டது எந்தத் துறையின் கணக்கிலும் வராது. அதைக் கணக்கில் கொண்டுவரத்தான் பாடத்திட்டக் குழு.

நேரத்தின் கதையும் இதுவே. 2019 விதிகளில் உடற்கூறியலுக்கு 675 மணி, உடலியங்கியலுக்கு 495, உயிர்வேதியியலுக்கு 250 என்று வகுக்கப்பட்டது. விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. மணிக்கணக்கு துறைவாரியாக வந்ததால், ஒருங்கிணைந்த வகுப்புக்கு நேரம் கேட்பது ஒரு துறையிடமிருந்து பறிப்பதாகவே உணரப்படுகிறது. டீனின் ஆதரவும் எழுத்துப்பூர்வ அதிகாரமும் இல்லாத குழு, மூத்த துறைத்தலைவர் ஒருவர் மறுத்துவிட்டால் அதோடு ஓய்ந்துவிடும்.

கண்காணிப்பு தவறியபோது

உள்ளடக்கத்தைக் கண்காணிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள சான்று ஒன்று உண்டு. தன்பாலீர்ப்புடைய இணையர் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் வழங்கிய ஆணையைத் தொடர்ந்து, மருத்துவப் பாடங்களில் பால்புதுமையினரைப் பற்றி இருந்த இழிவான சித்திரிப்புகள் விவாதத்துக்கு வந்தன. தேசிய மருத்துவ ஆணையம் அறிவுறுத்தல் வெளியிட்டது. 2022-இல் தடயவியல் மருத்துவப் பாடமும் திருத்தப்பட்டது. ஆனால் 2024 ஆகஸ்ட் இறுதியில் வந்த புதிய வழிகாட்டுதலில், நீக்கப்பட்ட பகுதிகள் இயற்கைக்கு மாறான குற்றங்கள் என்ற பெயரில் திரும்ப இடம்பெற்றன. எதிர்ப்பு எழுந்ததும் ஆணையம் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றுத் திருத்தி வெளியிட்டது.

பல்லாண்டுகளாக வகுப்பறையில் நடத்தப்பட்டு வந்த ஒரு பிழையைச் சுட்டிக்காட்ட ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. கல்லூரிகளின் குழுக்கள் தங்கள் பாடங்களை ஆண்டுதோறும் வரிவரியாகப் படித்து, ஐயங்களைப் பல்கலைக்கழகத்துக்கும் ஆணையத்துக்கும் எழுதும் மரபு இருந்திருந்தால் இந்தக் கேள்வி உள்ளிருந்தே எழுந்திருக்கும்.

மறுப்புகளும் விடைகளும்

பாடத்தை அறிந்தவர் துறை ஆசிரியரே, குழு தலையிட்டால் தரம் குறையும் என்பது முதல் மறுப்பு. வெஸ்டர்ன் ரிசர்வின் பாடக்குழுக்களில் இருந்தவர்களும் துறை ஆசிரியர்களே. அங்கே நிபுணத்துவம் அப்படியே இருந்தது. தனியுரிமை மட்டுமே போயிற்று.

பாடத்தை ஆணையம் வகுக்கிறது, தேர்வைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது, கல்லூரிக் குழுவுக்கு மிச்சம் என்ன என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி எதுவும் இறுதித் தேர்வின் வினாத்தாளைத் தானே அமைக்க முடியாது. ஆனால் உள்மதிப்பீடு கல்லூரியின் கையில் இருக்கிறது. 2019 விதிகளின்படி எழுத்து, செய்முறை இரண்டிலும் தனித்தனியே 40 சதவீதமும், சேர்த்து 50 சதவீதமும் உள்மதிப்பீட்டில் பெறாத மாணவர் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. மாணவர் எதைப் படிக்கிறார் என்பதைத் தீர்மானிப்பது தேர்வுதான். அவ்வளவு வலிமையான கருவி இன்று துறைகளின் மேசையில் தனித்தனியே கிடக்கிறது.

நோயாளிகள் கூட்டத்துக்கு நடுவே ஆசிரியர்களுக்கு நேரம் எங்கே என்பது மூன்றாவது மறுப்பு. நியாயமான கேள்வி. குழுப் பணியைக் கூடுதல் சுமையாக ஏற்றாமல், பணிநேரத்தின் பகுதியாகவே ஒதுக்குவதுதான் இதற்கு விடை.

முடிவுரை

கல்லூரி முதல்வர்கள் இந்த ஆண்டே செய்யக்கூடியவை நான்கு. நேரப் பங்கீட்டில் குழுவின் முடிவே இறுதியானது என்று எழுத்தில் ஆணையிட வேண்டும். உள்மதிப்பீட்டு வினாக்களின் பங்கீட்டைக் குழுவே வகுக்க வேண்டும். ரத்தசோகை, காசநோய், நீரிழிவு போன்ற சில நோய்களை எடுத்துக்கொண்டு, முதலாண்டு முதல் பயிற்சி மருத்துவர் காலம் வரை அவை எங்கெங்கே வருகின்றன என்று ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும். மாணவர் பிரதிநிதிகளைக் குழுவில் அமர்த்தி, அவர்கள் சொல்வதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. துறைகள் தங்கள் உரிமையில் சிறு பகுதியை விட்டுத்தர வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் துணிவு முதல்வருக்கு வேண்டும். அந்தத் துணிவு இல்லாத கல்லூரியில் எத்தனை முறை குழு கூடினாலும் பாடத்திட்டம் மாறாது.